ஃபேட்டி லிவர்: மலையில் இருக்கும் நமக்குமா?

கொழுந்துக்காரன் (கோத்தகிரி பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. இரண்டு ஏக்கர் தேயிலை, கொஞ்சம் கேரட். குடிப்பழக்கம் கிடையாது. போன மாதம் விலாவில் வலி வந்தது. கிட்னியில் கல்லாக இருக்குமோ என்று ஸ்கேன் எடுத்தோம். கல் இல்லை. அதற்குப் பதில் "ஃபேட்டி லிவர், கிரேடு 2" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். டாக்டர் நல்ல மனிதர். "பயப்படாதீங்க, இது நான் ஆல்கஹாலிக் ஃபேட்டி லிவர்தான்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரி அந்த 'நான்' என்பதைத் தமிழாகக் கேட்டுவிட்டாள். வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு 46 வயதில் குடிகாரப் பட்டம்!

விஷயம் அதுவல்ல. எங்கள் ஹட்டியில், அதாவது ஊரில், ஒரு சாவு வீட்டில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "எனக்கும் அதுதான்", "எனக்குக் கிரேடு 1" என்று அங்கேயே ஆறு பேர் கை தூக்குகிறார்கள். அதில் இரண்டு பேர் என்னைவிட ஒல்லி. என் மச்சானுக்கும் கிரேடு 1. "உனக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணு, நான்தான் பாஸ்" என்று கேலி வேறு.

இது உண்மையிலேயே பெருகி வருகிற நோயா, இல்லை ஸ்கேன் சென்டர்கள் பெருகியதால் வந்த நோயா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டீக்கடை பெஞ்ச் (குன்னூர்)

அண்ணா, முதலில் அண்ணிக்கு ஒரு வார்த்தை: 'நான்' என்றால் இங்கே 'இல்லை' என்று அர்த்தம். அண்ணன் குற்றமற்றவர்.

2023-ல் அந்தப் பெயரையே மாற்றிவிட்டார்கள். ஆல்கஹால் என்ற சொல்லே இல்லாமல், உடலின் வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்ந்த கொழுப்புக் கல்லீரல் நோய் என்று நீளமாக ஒரு பெயர். உங்கள் வீட்டில் நடந்த மாதிரி உலகம் முழுக்க நடந்திருக்கும் போல.

கூடலூர் நர்ஸக்கா

தம்பி, இரண்டும் உண்மை. ஸ்கேன் கூடியிருக்கிறது, நோயும் கூடியிருக்கிறது. இந்தியாவில் நடந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து 2022-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பெரியவர்களில் 38.6 சதவீதம். பத்துப் பேரில் நாலு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சாவு வீட்டுக் கணக்கு ஒன்றும் அதிசயமில்லை.

கல்லீரலில் கொழுப்பு 5 சதவீதத்தைத் தாண்டினாலே ஃபேட்டி லிவர்தான். ஆனால் சாதாரண ஸ்கேனில் அது தெளிவாகத் தெரிய 20, 30 சதவீதமாவது சேர்ந்திருக்க வேண்டும். அதனால் ஸ்கேனில் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர், தெரியாமல் இருப்பவர்கள் நிறைய. கல்லீரலுக்குள் வலி நரம்பு கிடையாது, அது பாட்டுக்குச் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டே கெட்டுப்போகும். உங்களுக்கு வந்த விலா வலிக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்புக் குறைவு. அந்த வலி உங்களுக்கு நல்லது செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒல்லியாக இருப்பவர்களுக்கும் வரும். நம் ஆட்களுக்குக் கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் நிற்கும். தையல் டேப்பை எடுத்துத் தொப்புள் உயரத்தில் சுற்றிப் பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டினால் எடை மெஷின் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம். சுகர் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் இது இருக்கிறது. 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் தமிழ்நாட்டில் சுகர் 14.4 சதவீதம். நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு கேள்வி. மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை டீ?

கொழுந்துக்காரன்

அக்கா, இதைத்தான் கேட்பீர்கள் என்று பயந்தேன். காலையில் எழுந்ததும் ஒன்று. தோட்டத்துக்குப் போகும்முன் ஒன்று. பத்து மணிக்கு வர்க்கி பிஸ்கட்டோடு ஒன்று. இலை வண்டி வரும்வரை நிற்கும்போது ஒன்று. மாலை இரண்டு. யாராவது வந்தால் அவர்களுக்காக ஒன்று. ஏழு. பால் டீ, சர்க்கரை தூக்கலாக. குளிருக்கு அப்படித்தான் இறங்கும்.

கூடலூர் நர்ஸக்கா

ஏழு டீ, கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன், ஒரு ஸ்பூன் 5 கிராம். 70 கிராம் சர்க்கரை, வர்க்கியைக் கணக்கில் சேர்க்காமல். உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25-க்குள் என்கிறது. சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ். அதைப் பெரும்பாலும் கல்லீரல்தான் கையாள வேண்டும். மிஞ்சினால் அங்கேயே கொழுப்பாக மாற்றி வைத்துக்கொள்ளும். நீங்கள் எண்ணெய்ப் பலகாரம் தொடாதவராக இருக்கலாம். கொழுப்பு டீ கிளாஸ் வழியாக வந்திருக்கிறது.

வர்க்கி பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. மைதாவும் வனஸ்பதியும் என்று ஊருக்கே தெரியும்.

டீக்கடை பெஞ்ச்

அக்கா வர்க்கியில் கை வைத்துவிட்டீர்கள். இனி இந்த இழையில் சமாதானம் இல்லை.

தாண்டிக்குடி காப்பி

பழனி மலைக்காரன் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். இந்த விஷயத்தில் எங்கள் பக்கம் காற்று கொஞ்சம் சாதகம். காப்பி குடிப்பவர்களுக்குக் கல்லீரலில் தழும்பு விழுவது குறைவு என்று பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று கப் அளவில். நீலகிரி நண்பர்கள் வயிறு எரிய வேண்டாம். சர்க்கரையும் பாலும் போடாத காப்பிக்குத்தான் இந்தப் பேச்சு. எங்கள் ஊரில் அப்படிக் குடிப்பவன் நான் ஒருத்தன்தான். மற்றவர்கள் கருப்பட்டிக் காப்பி, "வெல்லம்தானே, சர்க்கரை இல்லையே" என்று. கல்லீரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஓய்வு வாத்தியார் (ஊட்டி)

நான் 71 வயதுக்காரன். இந்தப் பேச்சு டீயிலேயே நின்றுவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கிராமத்துப் பள்ளிக்குப் பேருந்து நிறுத்தத்திலிருந்து ஒரு மணி நேரம் ஏற வேண்டும். ஏறுவது எனக்குப் பெரிய சாதனை. என் மாணவர்களின் தாய்மார்கள் அதே ஏற்றத்தில் தலையில் விறகோடு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பார்கள். ராகி ஹிட்டும் (களி) அவரைக் குழம்பும்தான் சாப்பாடு. சாமை உண்டு. அரிசிச் சோறு விருந்து நாளில். இதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தாய்மார்களில் பலருக்கு ரத்தசோகை, பிரசவத்தில் இறந்தவர்களை எனக்குத் தெரியும். நோய் இல்லாத காலம் அல்ல அது. வேறு நோய்களின் காலம்.

இப்போது மூன்று வேளையும் அரிசி. காய்கறித் தோட்டம் தேயிலையாக மாறியதும் விளைவித்துச் சாப்பிட்டவன் வாங்கிச் சாப்பிடுபவன் ஆனான். ரேஷன் அரிசி பசியைத் தீர்த்தது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உடம்பு செய்த வேலை குறைந்தபோது தட்டில் சோறு குறையவில்லை. கொழுந்தைக் கத்தரியால் வெட்டுகிறார்கள், மூட்டையைப் பிக்கப் வண்டி எடுத்துப்போகிறது, சந்தைக்கு ஸ்கூட்டர். மலையில் இருப்பதாலேயே நடக்கிறோம் என்று ஒரு நினைப்பு நமக்கு. சமவெளிக்காரன் பூங்காவைச் சுற்றியாவது நடக்கிறான்.

2023-ல் நம் மாவட்டத்திலும் தருமபுரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல காரியம். என் பக்கத்து வீட்டில் அதை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். பேத்திக்குக் களி பிடிக்கவில்லையாம். அந்தப் பேத்தியின் பள்ளிப் பையில் தினமும் ஒரு சிப்ஸ் பாக்கெட்டும் ஒரு ஜூஸ் டப்பாவும் இருப்பதை நான் பார்க்கிறேன். பிள்ளைகளுக்கும் இந்த நோய் வருகிறது என்பதை யாராவது அந்த வீட்டுக்குச் சொன்னால் தேவலை. நான் சொன்னால் வாத்தியார் புத்தி என்பார்கள்.

மலைமூலிகை வைத்தியம்

அனைவருக்கும் வணக்கம். பக்க விளைவே இல்லாத இயற்கை முறை. கீழாநெல்லி, சீந்தில், மலைத்தேன் சேர்த்த எங்கள் சூரணம் 48 நாளில் கல்லீரலைச் சுத்தம் செய்யும். கிரேடு 3 கூட நார்மல் ஆகும். தொடர்புக்கு: [நெறியாளரால் நீக்கப்பட்டது]

நெறியாளர்

போன் நம்பர் போட்டு விற்பனை செய்ய இங்கே இடமில்லை. மூலிகை பற்றிப் பேசலாம், விற்கக் கூடாது.

லேப் பையன் (குன்னூர்)

சீந்தில் பற்றி ஒரு வார்த்தை. கொரோனா சமயத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று ஊரே சீந்தில் குடித்தது. 2020 கடைசியில் மும்பை டாக்டர்களிடம் மஞ்சள் காமாலையோடு வந்த சிலரை விசாரித்தால் எல்லாரும் சீந்தில் குடித்தவர்கள். பத்திரிகையில் எழுதினார்கள், அப்புறம் வேறு ஊர்களிலிருந்தும் அதே செய்தி. எடை குறைக்க விற்கும் குடம்புளி மாத்திரை, கிரீன் டீ சாறு மாத்திரை இரண்டும் கல்லீரலைப் பதம் பார்த்த கேஸ்கள் வெளிநாட்டில் நிறைய பதிவாகியிருக்கின்றன. கிளாஸில் குடிக்கும் கிரீன் டீ வேறு, அதைச் சுண்டக் காய்ச்சி மாத்திரையாக்குவது வேறு. நம் ஊர்த் தேயிலைக்குக் கெட்ட பெயர் வாங்கித் தரவில்லை நான்.

தேன் என்பதும் சர்க்கரைதான் சார். மலைத்தேன் என்பது மலைமேல் இருக்கும் சர்க்கரை.

பந்தலூர் பாண்டி

எல்லாரும் யோக்கியர்களாகவே பேசுகிறீர்களே. நான் குடிப்பவன். வாரத்துக்கு மூன்று, நாலு குவார்ட்டர். எனக்கும் ஃபேட்டி லிவர். எனக்கு எந்தப் பெயர் வைப்பார்கள்?

லேப் பையன் (குன்னூர்)

நேர்மைக்கு வணக்கம் அண்ணா. ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் சுத்தச் சாராயம் சுமார் 60 கிராம். புது வகைப்பாட்டில் ஆண்களுக்கு வாரம் 210 கிராம் வரை ஒரு பெட்டி. 210-லிருந்து 420 வரை வளர்சிதை மாற்றக் கோளாறும் குடியும் கலந்த இன்னொரு பெட்டி. நீங்கள் மூன்று குடித்த வாரம் முதல் பெட்டி, நாலு குடித்த வாரம் இரண்டாவது. ஆனால் கல்லீரல் பெட்டி பார்ப்பதில்லை. ஏற்கெனவே கொழுப்பு இருக்கும் இடத்தில் சரக்கும் சேர்ந்தால் ஒன்றும் ஒன்றும் மூன்று. விடுவதுதான் உங்களுக்கு வைத்தியம்.

பந்தலூர் பாண்டி

நன்றி தம்பி. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முயற்சி செய்கிறேன். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று கேட்காதே.

லேப் பையன் (குன்னூர்)

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பத்துப் பேரில் நாலு பேருக்கு இருக்கிறது என்றால் அத்தனை பேரையும் மேட்டுப்பாளையத்துக்கும் கோயம்புத்தூருக்கும் அனுப்ப முடியுமா? ஒரு நாள் கூலி போகும், பேருந்து, சாப்பாடு, கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேன் செலவு. அதில் பெரும்பாலானவர்களுக்கு "எடையைக் குறைங்க" என்றுதான் சொல்லி அனுப்பப் போகிறார்கள். அதைக் கோத்தகிரியிலேயே இலவசமாகச் சொல்லலாம்.

யார் கட்டாயம் கீழே போக வேண்டும் என்று பிரித்துப் பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. பெயர் ஃபிப்-4. புதுப் பரிசோதனை எதுவும் வேண்டாம். அரசு மருத்துவமனையிலேயே எடுக்கிற ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இருக்கும் மூன்று எண்களும் (கல்லீரல் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., அப்புறம் பிளேட்லெட்) வயதும் போதும்.

வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். இது மேலே. எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தைப் பிளேட்லெட்டால் பெருக்குங்கள். பிளேட்லெட்டை ஆயிரத்தில் எழுத வேண்டும், 2.1 லட்சம் என்றால் 210. இது கீழே. மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுத்து 1.3-க்குள் வந்தால் இப்போதைக்குப் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 2.67-ஐத் தாண்டினால் தாமதிக்கக் கூடாது. இடையில் வந்தால் அடுத்த கட்டச் சோதனை தேவை. 65 வயதுக்கு மேல் 1.3-க்குப் பதில் 2 என்று வைத்துக்கொள்ள வேண்டும். 35-க்குக் கீழே இந்தக் கணக்கு சரியாக வராது. காய்ச்சல் நேரத்தில் எடுத்த சீட்டை வைத்தும் போடாதீர்கள்.

மருந்துக் கடைக்காரர்கள் கேட்கும்முன் சொல்லிவிடுகிறேன். 2024 மார்ச்சில் அமெரிக்காவில் இதற்கென்றே முதல் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. நம் நாட்டில் 2020-லேயே சாரோகிளிட்டசார் என்ற மாத்திரைக்கு அனுமதி இருக்கிறது. ஆனால் உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் கல்லீரல் வீக்கம் நன்றாக இறங்குகிறது என்பதற்கு இருக்கும் ஆதாரம் பலமானது. 80 கிலோ ஆள் 72-க்கு வர வேண்டும். ஆறு மாதத்தில், ஒரு வாரத்தில் அல்ல.

கூடலூர் நர்ஸக்கா

தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2021 பிப்ரவரியிலேயே மத்திய அரசு இந்த நோயைத் தொற்றா நோய்த் திட்டத்தில் சேர்த்துவிட்டது. 2024 செப்டம்பரில் திருத்திய வழிகாட்டியும் வந்தது. அதே 2021 ஆகஸ்டில் இங்கே மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினார்கள். பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே போகிறது. நான் போகும் எஸ்டேட் லைன் வீடுகளில் அதன் அருமை தெரியும். மாத்திரை தீர்ந்து கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்ற காலம் எனக்கு நினைவிருக்கிறது. அந்தச் சுகர் நோயாளிகளின் ரத்தச் சீட்டு ஏற்கெனவே இருக்கிறது. அதில் இந்த ஒரு வகுத்தல் கணக்கைப் போட்டு எழுதிவைத்தால் போதும் என்று நானும் எங்கள் கூட்டங்களில் சொல்லிப் பார்க்கிறேன். "நல்ல யோசனை" என்று குறித்துக்கொள்கிறார்கள்.

கொழுந்துக்காரன்

என் சீட்டை எடுத்து உட்கார்ந்தேன். எஸ்.ஜி.ஓ.டி. 48, எஸ்.ஜி.பி.டி. 62, பிளேட்லெட் 2.1 லட்சம். மேலே 46 பெருக்கல் 48, 2208. கீழே 210 பெருக்கல் 7.87, சுமார் 1653. வகுத்தால் 1.34. எல்லையைத் தொட்டுத் தாண்டி நிற்கிறேன். பத்தாவதில் கணக்கில் ஃபெயிலான நான் வர்க்கமூலம் போட்டதை என் மகள் வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள்.

விளையாட்டாக மச்சான் சீட்டையும் வாங்கிப் போட்டேன். வயது 58. சுகர் பன்னிரண்டு வருடமாக இருக்கிறது. எஸ்.ஜி.ஓ.டி. 71, எஸ்.ஜி.பி.டி. 44, பிளேட்லெட் 1.18 லட்சம். எனக்கு 5.26 வருகிறது. நான் எங்கேயோ தப்பாகப் போட்டிருக்கிறேன், இல்லையா? அவருக்குக் கிரேடு 1தானே?

லேப் பையன் (குன்னூர்)

தப்பில்லை அண்ணா. நானும் போட்டுப் பார்த்தேன், அதே எண். சீட்டு எப்போது எடுத்தது? காய்ச்சல் ஏதாவது இருந்ததா?

கொழுந்துக்காரன்

இரண்டு மாதம் முன்னால், வழக்கமான சுகர் செக்கப்பில். காய்ச்சல் இல்லை. பிளேட்லெட் குறைவாக இருப்பதைப் பார்த்து, பப்பாளி இலைச் சாறு குடிக்கச் சொல்லி யாரோ சொல்லியிருக்கிறார்கள். குடித்திருக்கிறார்.

கூடலூர் நர்ஸக்கா

தம்பி, அவரை இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். கிரேடு என்பது கொழுப்பின் அளவு மட்டும்தான். தழும்பை அது சொல்லாது. தழும்பு முற்றும்போது கொழுப்பு குறைந்துகூடப் போகும். அதனால் கிரேடு 1 என்பது பாஸ் மார்க் இல்லை. எஸ்.ஜி.ஓ.டி. எஸ்.ஜி.பி.டி.யைத் தாண்டி நிற்பதும் பிளேட்லெட் இறங்குவதும் சேர்ந்து வந்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. மண்ணீரல் பெரிதாகிப் பிளேட்லெட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்போது அப்படி ஆகும்.

அவரிடம் பயமுறுத்தாமல் சொல்லுங்கள். கால் வீக்கம், கறுப்பாக மலம், ரத்த வாந்தி ஏதாவது இருந்தால் வாரம் பார்க்காமல் இன்றே.

டீக்கடை பெஞ்ச்

கொழுந்தண்ணா, வண்டி வேண்டுமென்றால் சொல்லுங்கள். புதன்கிழமை நான் எப்படியும் கீழே போகிறேன். இரண்டு சீட் காலி.

ஓய்வு வாத்தியார் (ஊட்டி)

ஊட்டியில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை புதுக் கட்டிடத்துக்கு 2025 ஏப்ரலில் வந்துவிட்டது. முதலில் அங்கே காட்டிவிட்டு, அவர்கள் எழுதிக் கொடுத்ததோடு கோவை அரசு மருத்துவமனைக்குப் போனால் அலைச்சல் குறையும். பழைய சீட்டுகள் எல்லாவற்றையும், ஐந்து வருடத்துப் பிளேட்லெட் எண்ணிக்கை உட்பட, ஒரு உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

கொழுந்துக்காரன் (மூன்று வாரம் கழித்து)

எழுதத் தாமதமாகிவிட்டது. வாத்தியார் அய்யா சொன்ன மாதிரியே போனோம். பழைய சீட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கினால் மச்சானின் பிளேட்லெட் நாலு வருடமாக இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. 1.9, 1.6, 1.4, 1.18. ஒவ்வொரு தடவையும் சுகர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்திருக்கிறோம்.

ஃபைப்ரோஸ்கேனில் அவருக்கு 19 கிலோபாஸ்கல். சிரோசிஸ் (தழும்பு முற்றிக் கல்லீரல் இறுகுவது) தொடங்கிவிட்டது, ஆனால் கல்லீரல் இன்னும் தாக்குப்பிடிக்கிறது என்றார்கள். தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்ததில் உணவுக்குழாயில் ரத்தநாளம் கொஞ்சம் புடைத்திருக்கிறது. வெடிக்காமலிருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், கட்டி ஏதும் வருகிறதா என்று பார்க்க. எனக்கும் அன்றைக்கே எடுத்தார்கள், 6.2. தழும்பு இல்லை, கொழுப்பு மட்டும்.

வரும்போது பர்லியார் தாண்டும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. குன்னூர் ஏறும்போது டீக்கடைத் தம்பி வண்டியை நிறுத்தி, "மூணு டீ, சர்க்கரை இல்லாம" என்றார். மச்சான் அதை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, "இதுக்குப் பேரு டீயாடா? நம்ம இலையா இது?" என்று கேட்டார். நம்ம இலைதான் என்றேன். முழுக் கிளாஸையும் குடித்தார்.

மற்ற ஐந்து பேர் சீட்டையும் வாங்கி வைத்திருக்கிறேன். லேப் தம்பி, ஒருவருக்கு 33 வயது. இந்தக் கணக்கு சரிவராது என்றாயே, அவருக்கு என்ன செய்வது?